ஒரே ஒரு சர்வதேசப் போட்டி: கான்டிடோ டி ஒலிவெய்ராவும் போர்த்துகல் கால்பந்தின் தொடக்க காலமும்

போர்த்துகல் தேசியக் கால்பந்து அணிக்காக ஆடியவர்களின் பட்டியலில் கான்டிடோ டி ஒலிவெய்ராவின் பெயருக்கு நேராக ஒரே ஒரு போட்டிதான் பதிவாகியிருக்கிறது. 1921 டிசம்பர் 18 அன்று மாட்ரிட்டில் ஸ்பெயினுக்கு எதிராக நடந்த அந்தப் போட்டி, போர்த்துகல் தன் வரலாற்றிலேயே ஆடிய முதல் சர்வதேசப் போட்டி. அணித்தலைவராகக் களமிறங்கியவர் அவர். முடிவு 3–1 என்ற கணக்கில் தோல்வி. அதன் பிறகு வீரராக அவர் நாட்டுக்காக ஆடவில்லை. ஆனால் அடுத்த 37 ஆண்டுகளில் தேசிய அணியின் தேர்வாளர், லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் அணியின் பயிற்சியாளர், நாட்டின் புகழ்பெற்ற விளையாட்டு இதழ் ஒன்றின் நிறுவனர், உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் இரகசிய வலையமைப்பின் உள்ளூர்ப் பொறுப்பாளர், சர்வாதிகாரி சலாசாரின் அரசு நடத்திய கொடுஞ்சிறை முகாம் ஒன்றின் கைதி என அவர் வகித்த இடங்கள் ஒரு மனித ஆயுளுக்கு மிஞ்சியவையாகவே தோன்றுகின்றன.

இவற்றைத் தனித்தனி வியப்புகளாக அடுக்கிச் சொல்வது எளிது. பெரும்பாலான குறிப்புகள் அப்படித்தான் செய்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துப் பார்ப்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். ஆடுபவர், அணியைத் தேர்ந்தெடுப்பவர், ஆட்டத்தைப் பற்றி எழுதுபவர், சங்கத்தை நடத்துபவர் ஆகியோருக்கு இடையே இன்று நாம் காணும் வேலிகள் அன்றைய போர்த்துகலில் எழுப்பப்படவே இல்லை. சம்பளமில்லாத அந்த ஆட்டத்தில் எல்லோரும் பகலில் வேறெங்கோ வேலை பார்த்தார்கள். ஒலிவெய்ராவின் வேலை அஞ்சல் துறையில். கால்பந்தில் அவருக்குக் கிடைத்த செல்வாக்கும், பின்னாளில் அவருக்கு நேர்ந்த துன்பமும் இந்த இரட்டை வாழ்க்கையிலிருந்தே முளைத்தன.

போர்த்துகலுக்குக் கால்பந்து இங்கிலாந்திலிருந்து வந்தது. போர்ட்டோவின் திராட்சை மது வணிகம், லிஸ்பன் துறைமுகம், கார்கவெலோஸ் கடற்கரையில் கரையேறிய கடலடித் தந்திக் கம்பி நிலையம் ஆகிய இடங்களிலெல்லாம் ஆங்கிலேயர்கள் இருந்தார்கள். அவர்களுடைய ஓய்வுநேர ஆட்டங்களும் இருந்தன. இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய பின்டோ பாஸ்டோ குடும்பத்து இளைஞர்கள் 1888-இல் காஷ்காய்ஸ் கடற்கரை நகரத்தில் கால்பந்தைத் தங்கள் வட்டத்துக்கு அறிமுகப்படுத்தினார்கள். 1889 ஜனவரியில் லிஸ்பனின் காம்போ பெக்கேனோ பகுதியில் போர்த்துகீசியருக்கும் அங்கு வாழ்ந்த ஆங்கிலேயருக்கும் இடையே முறையான போட்டி ஒன்று நடந்தது. பிரபுக்களும் செல்வந்தர்களும் பொழுதுபோக்காக ஆடிய இந்த விளையாட்டு அந்த வட்டத்துக்குள்ளேயே நின்றிருந்தால், தெற்கே அலென்டேஜோ பகுதியின் ஒரு சிற்றூரிலிருந்து வந்த ஒலிவெய்ரா என்ற அநாதைச் சிறுவன் அதன் வரலாற்றுக்குள் நுழைந்திருக்க வழியே இல்லை. கதவைத் திறந்துவிட்டது காசா பியா.

1755-ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கம் லிஸ்பனைத் தரைமட்டமாக்கி ஒரு தலைமுறை கடந்த பின்னும் நகரத் தெருக்களில் ஆதரவற்ற பிள்ளைகள் அலைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு உறைவிடமும் தொழிற்கல்வியும் கொடுப்பதற்காக, அரசி முதலாம் மரியாவின் ஆட்சியில் காவல் தலைவராக இருந்த பினா மனிக்கே 1780-இல் தொடங்கிய நிறுவனம் காசா பியா. 1833-இலிருந்து அது பெலெம் பகுதியில், வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கும் ஜெரோனிமோஸ் மடத்தின் கட்டடத்தில் இயங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் முற்றத்தில் மாணவர்கள் கால்பந்து ஆடத் தொடங்கியதும் ஆட்டத்தின் முகம் மாறியது. கணக்கர்களாகவும் தச்சர்களாகவும் தந்தி ஊழியர்களாகவும் வெளியே போகவிருந்த, ஒரே கூரையின்கீழ் வளர்ந்த, ஒருவர் ஆட்டத்தை மற்றவர் நன்கறிந்த பிள்ளைகள் அவர்கள். 1904 பிப்ரவரி 28 அன்று பெலெமின் ஃபிராங்கோ மருந்துக்கடையில் கூடி 'ஸ்போர்ட் லிஸ்போவா' சங்கத்தை நிறுவியவர்களில் காசா பியாவின் முன்னாள் மாணவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் முதன்மையானவர் கோஸ்மே டாமியாவ். 1908-இல் பென்ஃபிகா பகுதியின் சங்கம் ஒன்றுடன் இணைந்த பிறகு அது இன்று உலகறிந்த பென்ஃபிகா ஆயிற்று.

கான்டிடோ டி ஒலிவெய்ரா 1896 செப்டம்பர் 24 அன்று போர்த்தலெக்ரே மாவட்டத்தின் ஃபிரோன்டெய்ரா ஊரில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து காசா பியாவில் சேர்க்கப்பட்டார். அங்கே கற்ற ஆட்டத்துடன் பென்ஃபிகாவுக்குப் போனதில் வியப்பில்லை. அது ஏறக்குறைய அந்தப் பள்ளியின் இயல்பான அடுத்த படியாகவே இருந்தது. நடுக்களத்தில் ஆடினார், காலப்போக்கில் அணித்தலைவரும் ஆனார். ஆட்டக்காரராக அவரது தரம் என்ன என்பதை இன்றைய அளவுகோல்களால் அளக்க முடியாது. தேசிய அளவிலான சாம்பியன் போட்டி 1922-இல்தான் தொடங்கியது, லீக் முறை 1934-இல்தான் வந்தது. அதுவரை ஓர் அணியின் பெருமை லிஸ்பன் அல்லது போர்ட்டோ நகரச் சாம்பியன் போட்டியோடு முடிந்துபோயிற்று. கோல் கணக்கை வைத்து ஒரு நடுக்கள வீரரை எடைபோடவும் இயலாது. உடன் ஆடியவர்கள் அவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டார்கள் என்பதும், அவர் பென்ஃபிகாவை விட்டு விலகியபோது மற்றவர்களும் உடன் நடந்தார்கள் என்பதுமே நமக்குக் கிடைக்கும் உறுதியான சான்றுகள்.

அந்த விலகல் 1920-இல் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அர்தூர் ஜோசே பெரெய்ரா என்ற அக்காலத்துப் பெரிய வீரர், பெலெம் பகுதிக்கென்று தனி அணி வேண்டும் என்று பெலெனென்செஸ் சங்கத்தை உருவாக்கியிருந்தார். பென்ஃபிகா பெலெமில் பிறந்து நகரின் வேறொரு பகுதிக்கு இடம்பெயர்ந்துவிட்ட சங்கம் என்பதால் அங்கே ஒரு வெற்றிடம் இருந்தது. ஒலிவெய்ராவும் அவருடைய தோழர்களும் இதே போன்றதொரு கேள்வியை வேறு கோணத்தில் எழுப்பினார்கள். பல சங்கங்களில் சிதறி ஆடும் முன்னாள் மாணவர்கள் தங்கள் பள்ளியின் பெயரிலேயே ஏன் ஆடக்கூடாது? 1920 ஜூலை 3 அன்று காசா பியா அத்லெட்டிக் சங்கம் பிறந்தது. முதல் பருவமான 1920–21-லேயே அது லிஸ்பன் சாம்பியன் ஆனது. ஒரே ஆண்டில் அப்படியொரு வெற்றி கிடைத்ததென்றால், அதுவரை பிற அணிகளின் முதுகெலும்பாக யார் இருந்தார்கள் என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

மாட்ரிட் போட்டியை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். லிஸ்பன், போர்ட்டோ, போர்த்தலெக்ரே சங்கங்கள் கூடி 1914-இல் தேசியக் கால்பந்து ஒன்றியத்தை அமைத்திருந்தபோதும், முதல் உலகப் போரும் 1910-இல் முடியாட்சி வீழ்ந்த பிறகு ஓயாத அரசியல் கொந்தளிப்பும் சர்வதேச ஆட்டத்துக்கு இடம் கொடுக்கவில்லை. ஸ்பெயினோ 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்று திரும்பிய அணி. அதை எதிர்த்துக் களமிறங்கிய போர்த்துகல் பதினொருவரில் புதிய லிஸ்பன் சாம்பியனான காசா பியாவின் வீரர்கள் கணிசமாக இருந்தார்கள்; ஒலிவெய்ராவிடம் தலைமை வந்ததும் அதனால்தான். ஸ்பெயினுக்காக இரண்டு கோல்கள் அடித்தவர் பிலிப்பைன்ஸில் பிறந்து பார்சலோனாவுக்கு ஆடிய பவுலினோ அல்காந்தாரா. போர்த்துகலின் ஒரே கோலைப் பெனால்டி வாய்ப்பில் அடித்தவர் பென்ஃபிகாவின் அல்பெர்டோ அகுஸ்டோ. தேசிய அணியின் முதல் கோல் என்ற வகையில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. அன்று முன்களத்தில் ஆடிய பென்ஃபிகா வீரர் ரிபெய்ரோ டோஸ் ரெய்ஸ் என்பவரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இக்கதையில் அவருக்கு மறுபடியும் வேலை இருக்கிறது.

ஒரே ஒரு போட்டி என்பது இன்றைய காதுக்குக் குறைவாகத்தான் ஒலிக்கும். ஆனால் 1922-இல் போர்த்துகல் ஆடியது ஒரு போட்டி, 1923-இல் ஒரு போட்டி. இரண்டிலும் எதிரணி ஸ்பெயின், இரண்டிலும் தோல்வி. நான்கு முறை ஸ்பெயினிடம் தோற்ற பிறகு, ஐந்தாவது போட்டியில், 1925 ஜூனில் லிஸ்பனில் இத்தாலியை 1–0 என்று வென்றதுதான் தேசிய அணியின் முதல் வெற்றி. ஆண்டுக்கு ஒருமுறை கூடும் அணியில் ஒருமுறை இடம்பிடித்தவரை, பத்துப் போட்டிகளில் மாற்று வீரராக இறங்கிய இக்கால ஆட்டக்காரருடன் ஒப்பிடுவதில் பொருளில்லை.

1926-இல், முப்பது வயதை எட்டும் நேரத்தில், ஒலிவெய்ரா தேசிய அணியின் தேர்வாளர் ஆனார். அணியைத் தேர்ந்தெடுப்பதும் அதை எப்படி ஆடவைப்பது என்று முடிவுசெய்வதும் அந்தப் பொறுப்பில் அடங்கியிருந்தன. கூடவே விளையாட்டு ஏடுகளில் எழுதியும் வந்தார். தான் தேர்ந்தெடுத்த அணியைப் பற்றித் தானே எழுதும் நிலைமை இன்றென்றால் நல முரண் என்று கண்டிக்கப்படும். அன்று ஆட்டத்தைப் புரிந்துகொண்டு எழுதத் தெரிந்தவர்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கினார்கள். அந்தச் சிலரிடமே எல்லாப் பொறுப்புகளும் வந்து சேர்ந்தன.

அவர் தேர்வாளராக இருந்த காலத்தின் உச்சம் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். போர்த்துகல் கால்பந்து அணி முதன்முறையாகப் பெரிய உலக அரங்கொன்றுக்குச் சென்றது அப்போதுதான். மே 27 அன்று சிலிக்கு எதிரான தகுதிச்சுற்றில் 0–2 எனப் பின்தங்கிய அணி நான்கு கோல்கள் அடித்து 4–2 என்று வென்றது. அவற்றில் இரண்டை அடித்தவர் பெலெனென்செஸ் அணியின் 'பெப்பே' என்றழைக்கப்பட்ட ஜோசே மனுவேல் சோவாரெஸ். இருபது வயதில் நாட்டின் செல்லப்பிள்ளையாகத் திகழ்ந்த அந்த வீரர், மூன்றே ஆண்டுகளில், 1931-இல், நஞ்சு கலந்த உணவால் இறந்துபோனார் என்பது போர்த்துகீசியர் இன்றும் மறக்காத துயரம். மே 29 அன்று யூகோஸ்லாவியாவை 2–1 என்று வீழ்த்தினார்கள். வெற்றிக் கோலைக் கடைசி நிமிடத்தில் அடித்தவர் அகுஸ்டோ சில்வா. ஜூன் 4 அன்று காலிறுதியில் எகிப்திடம் 1–2 என்று தோற்றதோடு பயணம் முடிந்தது. அந்த எகிப்து அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் ஆறு கோல்கள் வாங்கித் தோற்றதைப் பார்க்கும்போது, போர்த்துகல் நழுவவிட்ட வாய்ப்பும் அதற்கப்பால் காத்திருந்த உயரமும் ஒருசேரப் புலப்படுகின்றன. ஆயினும் ஏழு ஆண்டுகளுக்கு முன் முதல் போட்டியை ஆடிய ஒரு நாடு ஒலிம்பிக் காலிறுதி வரை சென்றது சாதாரண முன்னேற்றமல்ல.

1929-இல் அந்தப் பொறுப்பை விட்ட ஒலிவெய்ரா 1935-இல் திரும்பி வந்தபோது நாடு மாறியிருந்தது. 1926 மே மாதத்து இராணுவப் புரட்சி குடியரசை முடித்துவைத்திருந்தது. நிதியமைச்சராக வந்த அன்டோனியோ சலாசார் 1932-இல் பிரதமரானார். 1933-இன் அரசியலமைப்பு 'புதிய அரசு' என்ற பெயரில் சர்வாதிகாரத்தை நிலைநிறுத்தியது. தணிக்கையும் இரகசியக் காவல்துறையும் வாழ்க்கையின் பகுதியாயின. சலாசாருக்குத் தனிப்பட்ட முறையில் கால்பந்தில் பற்றில்லை. ஆனால் கூட்டம் கூடும் இடங்களை அவரது அரசு சடங்குகளுக்குப் பயன்படுத்தத் தவறவில்லை. 1938 ஜனவரி 30 அன்று லிஸ்பனின் சலேசியாஸ் மைதானத்தில், உள்நாட்டுப் போரில் கிளர்ச்சித் தளபதி ஃபிராங்கோவின் பக்கம் நின்ற ஸ்பெயினின் அணியோடு போர்த்துகல் மோதியபோது வீரர்கள் பாசிச வணக்கம் செலுத்த வேண்டியிருந்தது. பெலெனென்செஸ் அணியின் மூவர் அதற்கு உடன்படவில்லை. அர்தூர் குவாரெஸ்மா கையை உயர்த்தவே இல்லை. ஜோசே சிமோயிஸும் மரியானோ அமாரோவும் கைவிரல்களை மடக்கி முஷ்டியை உயர்த்தினார்கள். மூவரையும் காவல்துறை விசாரணைக்குக் கொண்டுபோனது. அந்த அணியைத் தேர்ந்தெடுத்தவர் ஒலிவெய்ரா. அவருக்கும் அந்தச் செயலுக்கும் தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் பழகிய ஆடையறைகளில் எத்தகைய மனிதர்கள் இருந்தார்கள் என்பதை அந்த நிகழ்ச்சி காட்டுகிறது. அதே ஆண்டு மே 1 அன்று மிலானில் சுவிட்சர்லாந்திடம் 1–2 என்று தோற்று, போர்த்துகல் உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது.

இரண்டாம் உலகப் போரில் போர்த்துகல் நடுநிலை வகித்தது. இருதரப்பு உளவாளிகளும் லிஸ்பனின் ஓட்டல்களில் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்திருந்தார்கள். 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்த பிறகு, ஜெர்மானியப் படைகள் ஸ்பெயின் வழியே ஜிப்ரால்டரை நோக்கி இறங்கக்கூடும், அப்போது போர்த்துகலும் தப்பாது என்ற அச்சம் லண்டனில் வலுத்தது. அந்நிலை வந்தால் நாசவேலைகளையும் தகவல் தொடர்பையும் நடத்துவதற்கு உள்ளூர் ஆட்களைக் கொண்ட இரகசிய அமைப்பொன்றை முன்கூட்டியே உருவாக்கும் பணி, எஸ்.ஓ.ஈ. எனப்பட்ட பிரிட்டிஷ் சிறப்பு நடவடிக்கைப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. லிஸ்பனில் அதை நடத்தியவர், தூதரகப் பதவியின் போர்வையில் இயங்கிய ஜாக் பீவர்.

இத்தகைய அமைப்புக்கு யார் தேவைப்படுவார்கள்? தந்திக் கம்பிகள் எங்கே ஓடுகின்றன, எந்த ஊரின் தொலைபேசி நிலையத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை அறிந்தவர். ஊர் ஊராகப் பயணம் செய்தாலும் யாருக்கும் சந்தேகம் எழாதவர். எல்லா மாவட்டங்களிலும் நம்பத்தகுந்த நண்பர்களை உடையவர். அஞ்சல், தந்தி, தொலைபேசித் துறையில் உயர் பொறுப்பில் இருந்தவரும் தேசிய அணித் தேர்வாளருமான ஒலிவெய்ராவிடம் இவை மூன்றும் ஒருசேர இருந்தன. ஆட்டம் பார்க்கப் போகிறேன் என்பதைவிட இயல்பான பயணக் காரணம் அவருக்கு வேறென்ன வேண்டும்? துறைக்குள் தனக்குத் தெரிந்த ஊழியர்களைக் கொண்டு அவர் இரகசிய வலை பின்னினார். நாசிசத்தின் மீதிருந்த வெறுப்பு அவரை இதில் இறக்கியது. ஆனால் சலாசாரின் காவல்துறைக்கு இது வேறு மாதிரித் தெரிந்தது. ஜெர்மானியரை எதிர்க்கப் பயிற்சி பெற்ற ஓர் இரகசிய அமைப்பு நாளை தங்களுக்கு எதிராகவும் திரும்பாது என்பதற்கு என்ன உறுதி? அந்தப் பார்வையில் ஒரு தர்க்கம் இருக்கவே செய்தது. ஏனெனில் அதில் சேர முன்வந்தவர்களில் பலர் அரசை வெறுத்தவர்களே.

1942-இல் வலையமைப்பு அம்பலமாயிற்று. ஒலிவெய்ரா மார்ச் மாதத்தில் கைதானார், விசாரணையில் கடுமையாகத் தாக்கப்பட்டார். பீவர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. தூதரகப் போர்வை பிரிட்டிஷ் அதிகாரியைக் காப்பாற்றியது. உள்ளூர்க்காரருக்கு அந்தப் போர்வை இல்லை. அதே ஆண்டு ஜூனில் அவர் கேப் வெர்டேயின் சான்டியாகோ தீவிலிருந்த டராஃபல் முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

டராஃபல் 1936 அக்டோபரில் 152 கைதிகளோடு திறக்கப்பட்ட முகாம். கப்பற்படைக் கிளர்ச்சியில் ஈடுபட்டவர்கள், தொழிற்சங்கத்தினர், கம்யூனிஸ்டுகள், அனார்க்கிஸ்டுகள் அங்கே அடைக்கப்பட்டார்கள். மெதுவான சாவின் முகாம் என்று கைதிகள் அதை அழைத்ததில் மிகையில்லை. தூக்குமேடைக்கு அங்கே தேவை இருக்கவில்லை. மலேரியாவும் கெட்ட தண்ணீரும் மருந்து மறுக்கப்பட்டதும் போதுமானவையாக இருந்தன. தண்டனைக்கென்று காற்று புகாத காங்கிரீட் அறை ஒன்று வெயிலில் நின்றது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வாணலி'. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் அந்த முகாமில் உயிரிழந்தார்கள். ஒலிவெய்ரா அங்கிருந்தபோதே, 1942 செப்டம்பரில், கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் பென்டோ கொன்சால்வெஸ் காய்ச்சலால் இறந்தார். ஒலிவெய்ரா எந்தக் கட்சித் தலைவரும் அல்லர். தேசிய அணியின் தேர்வாளராக நாடே அறிந்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார் என்பதே, அரசின் பிடி எவ்வளவு தூரம் நீண்டிருந்தது என்பதற்கு அளவுகோல்.

1944-இன் தொடக்கத்தில் அவர் லிஸ்பன் பகுதிக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டு, மே மாத இறுதியில் விடுதலை செய்யப்பட்டார். போரின் போக்கு திரும்பிவிட்டிருந்த நேரம் அது. நேச நாடுகளின் மனத்தைக் குளிர்விக்க வேண்டிய கட்டாயம் சலாசாருக்கு ஏற்பட்டிருந்தது. விடுதலையாகி இரண்டு வாரங்களில், ஜூன் 10 அன்று, ஜாமோர் பள்ளத்தாக்கில் தேசிய விளையாட்டரங்கத்தை அரசு கோலாகலமாகத் திறந்துவைத்து, அணிவகுப்புகளுக்குப் பிறகு ஸ்போர்ட்டிங்–பென்ஃபிகா ஆட்டத்தையும் நடத்தியது. கால்பந்தைத் தன் வெற்றிச் சின்னமாகக் காட்டிய அதே அரசு, அந்தக் கால்பந்தை வளர்த்தவர்களில் ஒருவரைச் சில நாட்களுக்கு முன்புவரை சிறையில் வைத்திருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த வாழ்க்கையில் எனக்கு மிகவும் விளக்கம் தேவைப்படும் பகுதியாகத் தோன்றுகிறது. சிறைமுத்திரை விழுந்த ஒருவர் பொதுவாழ்விலிருந்து ஒதுக்கப்படுவதே அக்காலத்து வழக்கம். ஒலிவெய்ராவோ எட்டே மாதங்களில், 1945 ஜனவரி 29 அன்று, 'அ போலா' என்ற விளையாட்டு ஏட்டை நிறுவினார். உடன் நிறுவியவர்கள் விசென்டே டி மெலோவும், மாட்ரிட்டில் உடன் ஆடிய அந்த ரிபெய்ரோ டோஸ் ரெய்ஸும். ரெய்ஸ் இராணுவ அதிகாரி, முன்னாள் தேசியத் தேர்வாளர், நிலையான சமூக மதிப்புடையவர். பழைய தோழமை அரசியல் கறையை மறைத்தது என்று சொல்வதில் தவறில்லை. அதைவிட முக்கியமான காரணம், கால்பந்தை அரசு அரசியலற்ற களமாக எண்ணியதே. நாளிதழ்களில் ஒவ்வொரு வரியையும் துருவிய தணிக்கை, பந்தைப் பற்றிய ஏட்டை ஒப்பீட்டளவில் சும்மா விட்டது. அந்தச் சிறிய இடைவெளியில் ஒரு முன்னாள் கைதியால் மீண்டும் வாழ்க்கையைத் தொடங்க முடிந்தது. மக்களைத் திசைதிருப்பச் சர்வாதிகாரம் கால்பந்தைப் பயன்படுத்தியது என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். அரசு அலட்சியமாக விட்ட அந்தக் களத்தில் அதன் எதிரிகளும் மூச்சுவிட்டார்கள்.

பயிற்சியாளராக அவர் அடைந்த பெரும் புகழ் ஸ்போர்ட்டிங் அணியோடு வந்தது. பென்ஃபிகாவின் முன்னாள் அணித்தலைவரான அவர் அதன் பரம எதிரியின் பயிற்சியாளரானார் என்பதை நினைக்க வேண்டும். ஜேசுஸ் கொர்ரெய்யா, வாஸ்கெஸ், பெய்ரோதேயோ, திராவாசோஸ், அல்பானோ என்ற ஐந்து முன்கள வீரர்கள் அங்கே சேர்ந்திருந்தார்கள். 'ஐந்து வயலின்கள்' என்று அவர்களைப் போர்த்துகல் இன்றும் அழைக்கிறது. 1946–47-இல், ஆங்கிலேயர் ராபர்ட் கெல்லியின் பயிற்சியில், அந்த அணி 26 லீக் போட்டிகளில் 123 கோல்கள் அடித்துச் சாம்பியன் ஆகியிருந்தது. அடுத்த இரண்டு பட்டங்கள், 1947–48, 1948–49, ஒலிவெய்ராவின் காலத்தவை. அவற்றில் முதலாவது மயிரிழையில் கிடைத்தது. ஸ்போர்ட்டிங்கும் பென்ஃபிகாவும் 41 புள்ளிகளோடு சமமாக முடித்தன. இரு அணிகளும் ஒன்றையொன்று சந்தித்த ஆட்டங்களின் கோல் கணக்கே முடிவைத் தீர்மானித்தது. சொந்த மைதானத்தில் 1–3 என்று தோற்றிருந்த ஸ்போர்ட்டிங், பென்ஃபிகாவின் மைதானத்தில் 4–1 என்று வென்று, ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் பட்டத்தைக் கைப்பற்றியது. நான்கையும் அடித்தவர் பெய்ரோதேயோ. கழுத்தில் கோலிக்குண்டு அடைத்த சோடா பாட்டிலை அங்கே 'பிரோலிட்டோ' என்பார்கள். ஒற்றைக் குண்டால் முடிவான அந்தப் பட்டத்துக்கு அப்பெயரே ஒட்டிக்கொண்டது.

ஐந்து பெருங்கலைஞர்கள் கிடைத்தால் யார்தான் வெல்லமாட்டார்கள் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பயிற்சியாளராக அவரது பங்கை அளக்க வேண்டுமானால் பட்டங்களை மட்டும் பார்ப்பது போதாது. மூன்று தடுப்பாளர்கள், இரண்டு அரைக்களத்தவர், சற்றே பின்வாங்கிய இரண்டு உள்முன்கள வீரர்கள், முன்னே மூவர் என்று அமைந்த டபிள்யூ–எம் முறையைப் போர்த்துகீசியருக்கு விளக்கிச் சொன்ன முன்னோடிகளில் அவர் ஒருவர். அதைப் பற்றி நூலே எழுதினார். 1925-இல் ஆஃப்சைடு விதி மாறிய பிறகு இங்கிலாந்தில் உருவான அந்த அமைப்பில், ஒவ்வொரு வீரருக்கும் தனக்குரிய எதிராளியும் தனக்குரிய பரப்பும் உண்டு. தனிப்பட்ட பந்துத் திறமையிலேயே மயங்கிக் கிடந்த ஒரு கால்பந்துப் பண்பாட்டுக்கு, இடம், தூரம், பொறுப்பு என்ற சொற்களில் ஆட்டத்தைச் சிந்திக்கக் கற்றுக்கொடுத்தது அந்த எழுத்து. ஆடுகளத்தில் கற்றதை எழுத்தில் ஒழுங்குபடுத்தி, எழுத்தில் தெளிந்ததை மறுபடி ஆடுகளத்தில் சோதிக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. தேர்வாளர், எழுத்தாளர், பயிற்சியாளர் என்ற மூன்று பாத்திரங்களும் ஒன்றுக்கொன்று உணவூட்டிய விதம் இதுதான்.

1950-இல் அவர் கடல்கடந்து ரியோ டி ஜெனிரோவின் ஃபிளமெங்கோ அணிக்குப் பயிற்சியளித்தார். திரும்பி வந்து 1952-இல் சிறிது காலம் மீண்டும் தேசிய அணி, பிறகு போர்ட்டோ, கடைசியாகக் கோயிம்பிரா பல்கலைக்கழக மாணவர்களின் அணியான அகாடெமிகா. அநாதைப் பள்ளி முற்றத்தில் தொடங்கியவர், படிப்பையும் ஆட்டத்தையும் ஒன்றாக நடத்திய மாணவர் அணியோடு முடித்தது பொருத்தமாகவே இருக்கிறது, அப்படி யாரும் திட்டமிடாவிட்டாலும். எல்லாக் காலத்திலும் 'அ போலா'வில் எழுதுவது நிற்கவில்லை.

1958 உலகக் கோப்பைக்குப் போர்த்துகல் தகுதி பெறவில்லை. வடக்கு அயர்லாந்து முதலிடம் பிடித்த பிரிவில், இத்தாலியோடு சேர்ந்து அதுவும் வெளியேறியிருந்தது. ஆயினும் ஒலிவெய்ரா 'அ போலா'வின் செய்தியாளராக ஸ்வீடனுக்குப் போனார். அங்கே நோயுற்று, ஜூன் 23 அன்று, 61-ஆம் வயதில், ஸ்டாக்ஹோமில் காலமானார். அரையிறுதி ஆட்டங்கள் மறுநாள் நடைபெறவிருந்தன.

லீக் சாம்பியனும் கோப்பை வென்ற அணியும் மோதும் போட்டி 1979-இல் தொடங்கியது. பின்னர் போர்த்துகல் கால்பந்துக் கூட்டமைப்பு அதை அதிகாரபூர்வமாக்கி, கான்டிடோ டி ஒலிவெய்ரா சூப்பர் கோப்பை என்ற பெயரில் நடத்தி வருகிறது. அவர் நிறுவிய காசா பியா சங்கம் 1938–39-இல் ஒரு பருவம் மட்டும் முதல் பிரிவில் ஆடிவிட்டுக் கீழே இறங்கி, 83 ஆண்டுகளுக்குப் பிறகு 2022-இல்தான் மீண்டும் மேலேறியது. பினா மனிக்கேயின் பெயரே அதன் மைதானத்துக்கும். இவையெல்லாம் விளையாட்டுப் பக்கங்களில் எளிதாகக் கிடைக்கும் செய்திகள். முகாமைப் பற்றி அவர் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதியின் கதை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. டராஃபல் 1954-இல் மூடப்பட்டு, 1961-இல் அங்கோலா, கினி, கேப் வெர்டே விடுதலைப் போராளிகளை அடைப்பதற்காகத் திரும்பத் திறக்கப்பட்டது. ஆகவே அங்கே நடந்தவை அரசுக்குக் கடந்தகாலச் செய்தியாக இருக்கவில்லை, அச்சேற்ற அனுமதிக்கும் கேள்வியே எழவில்லை. 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகாரம் வீழ்ந்து, மே 1 அன்று முகாமின் கடைசிக் கைதிகள் வெளியேறினார்கள். டராஃபலைச் சாவின் சதுப்புநிலம் என்று தலைப்பிலேயே அழைக்கும் அந்த நூல், ஆசிரியர் இறந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த ஆண்டில்தான் வெளிவந்தது.